அது இசை இல்லை, மௌனமும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை குறும்பட விழா மேடைப் பேச்சை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நான் ஒலி அமைத்த எங்கள் குறும்படத்தின் கிணற்றடிக் காட்சியைச் சொல்லி, "இசையமைப்பாளர் மௌனத்தைக் கையாண்ட விதம்" என்று நடுவர் உருகினார். அந்தக் காட்சியில் இசையமைப்பாளருக்கு வேலையே இல்லை. கேட்டால் அவரே சொல்வார். அது மௌனமும் இல்லை.

அங்கே ஓடுவது பம்புசெட் மோட்டார். கரண்ட் போனதும் அது இறங்கி அடங்கும், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் தொட்டியில் விழுந்து சொட்டாகும், அப்புறம்தான் தவளை. இதற்காக நானும் மைக் பிடித்த தம்பியும் மூன்று இரவு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மோட்டார் ஒரு தோட்டத்தில் எடுத்தது, தண்ணீர் இன்னொரு கிணற்றில், தவளை கிடைத்தது மூன்றாம் இரவு. தவளையை எத்தனை நொடி தாமதிக்க வைப்பது என்பதற்கே இரண்டு நாள் போனது. தானாக அமைந்ததல்ல, நாங்கள் அமைத்தது.

ஒலி வேறு, இசை வேறு. எத்தனை முறைதான் சொல்வது?

நம் ஊரில் சொல்லே எங்களுக்கு எதிராக நிற்கிறது. கோடம்பாக்கத்தில் ரீரெக்கார்டிங் என்றால் பின்னணி இசை. தேசிய விருதில் ரீரெக்கார்டிஸ்ட் என்று கொடுத்ததோ வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் கலந்து முடிப்பவருக்கு. 2009 ஆஸ்கரில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரஹ்மான் வாங்கியது இசைக்கு, ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி இரண்டு பேருடன் சேர்ந்து வாங்கியது ஒலிக்கலவைக்கு. ஒரே படம், ஒரே இரவு, தனித்தனி விருது. 2024-ல் 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாமல் வந்தது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, சூரியின் கட்டிப்போன தொண்டை, இவைதான் படத்தைச் சுமந்தன. பார்த்துவிட்டு வந்த நண்பர், "இசை இல்லாத குறையே தெரியல" என்றார். குறையா அது?

'எல்லா ஒலியும் இசைதான், ஒரு சுரமும் வாசிக்காத படைப்பை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952-லேயே காட்டிவிட்டார்' என்று வருவீர்கள். 1948-ல் ரயில் சத்தங்களைப் பதிந்து கோத்த பிரெஞ்சுக்காரர் பியர் ஷேஃபர்கூட அதை இசை என்றுதான் அழைத்தார், தெரியும். அவர்கள் அழைக்கட்டும். எங்களுக்கு ராகமும் தாளமும் அளவுகோல் இல்லை. பார்ப்பவர் அந்த வரப்பில் நிற்கிறாரா என்பதுதான். அம்மா செல்போனில் பார்த்தபோது, மோட்டார் நின்றதும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். "கரண்ட் போயிருச்சாடா?"

இசை மேல் எனக்குக் கோபம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ராஜா பாட்டில் வளர்ந்தவன் நான். ஒருவன் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவதுதான் வலிக்கிறது.

'டைட்டிலில் பெயர் வந்ததே?' வந்தது. போஸ்டரில் வரவில்லை, அழைப்பிதழில் வரவில்லை. மேடைக்கு அழைத்த ஏழு பேரில் நாங்கள் இல்லை. வீடியோவில் பார்த்தபடி கைதட்டினேன், அதுவும் மனதாரத்தான். அந்த வீடியோவுக்குக் கீழே நான் போட்ட திருத்தத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்று தம்பி ஊரில் இருந்தான். ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, நம்ம பேரைச் சொன்னாங்களா?" என்றான். நெட் சரியில்லை, முழுசாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.