இடங்கொடுங்கள்

சனிக்கிழமை அந்த அடக்க ஆராதனையில் பேசப்பட்டதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஐந்து வயதுப் பிள்ளையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தை விரித்து, ‘சஃபர் த லிட்டில் சில்ட்ரன்’ என்று வாசித்துவிட்டு, "குழந்தைகளும் பாடுபட்டுத்தான் தம்மிடம் வரவேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்" என்று விளக்கம் சொன்னால், பெற்றவள் அதை எப்படித் தாங்குவாள்?

அந்த வசனத்துக்கு அது பொருளே இல்லை. இன்று சஃபர் என்றால் ‘துன்பப்படு’ என்றுதான் நினைப்போம். 1611-இல் அந்த மொழிபெயர்ப்பு வந்தபோது அந்தச் சொல்லுக்கு ‘விடு’, ‘அனுமதி’ என்றும் பொருள் இருந்தது. கிரேக்க மூலத்திலும் ‘விடுங்கள்’தான். நம் தமிழ் வேதாகமத்தில் மாற்கு 10:14-ஐப் பாருங்கள்: ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்’. ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கிய யோவானிடம் இயேசு ‘இப்பொழுது இடங்கொடு’ என்கிறாரே, மத்தேயு 3:15, அங்கேயும் ஆங்கிலத்தில் இதே சஃபர்தான். துன்பத்துக்கு அங்கே என்ன வேலை?

அப்படியானால் பாடே கிடையாதா என்பீர்கள். உண்டு. மனுஷகுமாரன் பல பாடுகள் படவேண்டும் என்று மாற்கு 8:31-இல் இருக்கிறது. அங்கே கிரேக்கச் சொல்லே வேறு. அது அவர் தம்மேல் ஏற்றுக்கொண்ட பாடு. பிள்ளைகள் தலையில் ஏற்றியது அல்ல.

நீ என்ன வேதபண்டிதனா என்று கேட்டால், இல்லை. எட்டு வயதில் டைபாய்டில் கிடந்தபோது, பார்க்க வந்த பெரியவர் ஒருவர் இதே வசனத்தை இதே மாதிரி சொல்லிவிட்டுப் போனார். இனி சாகத்தான் வேண்டும் போல என்று ராத்திரி போர்வைக்குள் அழுதேன். ஆச்சி எழுந்து லைட்டைப் போட்டாள். கறுப்பு அட்டை வேதாகமத்தைத் திறந்து, என் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தின்மேலும் நகர்த்தினாள். இடங்கொடுங்கள். "வழிய விடுங்கலேன்னு சீஷன்மாரப் பாத்துச் சத்தம் போடுதாரு. ஒன்னைய ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் விஷயம். பிள்ளைகளைத் தடுத்தவர்களைப் பார்த்து விசனமடைந்து சொன்ன வார்த்தை அது. அடுத்த இரண்டாவது வசனத்திலேயே அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார்.

நல்லெண்ணத்தில்தானே சொன்னார், துக்க வீட்டில் குற்றம் பார்க்கலாமா என்று இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கேட்டது அவர்களுக்குத் தெரியாது: "அண்ணே, எட்டு மாசம் ஊசி குத்தியே கை வீங்கிப் போச்சு. அந்தப் பாடு அவருக்குப் போதலையா?" பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

இன்று சாயங்காலம் ஆச்சியின் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறேன்.