ஆங்கிலம் மட்டும் போதாது

ஜெர்மனியில் தொழில்நுட்ப எழுத்தாளர்களுக்கு, அதாவது இயந்திரங்களுக்கும் மென்பொருளுக்கும் கையேடு எழுதுபவர்களுக்கு, ஆங்கிலம் ஒன்றே போதும் என்றும், பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான புளூ கார்டுக்கு ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கான குறைந்த சம்பள வரம்பே பொருந்தும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருப்பது வேலையை விட்டுக் கிளம்ப நினைப்பவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

மென்பொருள் பொறியாளர்கள் அந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறார்கள். தொழில்நுட்ப எழுத்தாளர்களோ சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் நூலாசிரியர்களோடு சேர்க்கப்பட்டிருப்பதால் அதில் வருவதில்லை. ஆகவே 2025ஆம் ஆண்டில் புளூ கார்டு பெற அவர்களுக்குத் தேவைப்பட்ட குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோவாக இருந்தது. அந்த ஆண்டின் குறைந்த வரம்பான 43,759.80 யூரோ, அவர்களில் பட்டம் பெற்று மூன்றாண்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் கைகொடுத்தது.

மொழி விஷயம் இன்னும் முக்கியமானது. அங்கே இத்துறையின் முதுகெலும்பு இயந்திரத் தொழில். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 இயந்திர நெறிமுறைப்படி, ஓர் இயந்திரம் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டு மொழியில் கையேடு கூடவே தரப்பட வேண்டும் என்பதால், "மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்" என்ற எச்சரிக்கையைப் பல நிறுவனங்களில் முதலில் ஜெர்மனில்தான் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோருக்கான இடங்கள் பெரும்பாலும் பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களில்தான் உள்ளன. போட்டியும் அங்கேதான் அதிகம்.

அங்கே வாழ்க்கைத்தரம் நன்றாக இருக்கும் என்று அந்த நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரியே: வேலைக்குப் போகாத துணைக்கும் குழந்தைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வாடகை விளம்பரங்களில் பெரிதாகத் தெரியும் தொகையில் வெப்பமூட்டும் செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது, மியூனிக்கில் அந்தத் தொகையே மிக அதிகம். புளூ கார்டுடன் போகிறவர்கள் பி1 எனப்படும் இடைநிலை அளவு ஜெர்மன் கற்றால் நிரந்தர வசிப்பு அனுமதிக்கு 27 மாதங்களுக்குப் பதில் 21 மாதங்களிலேயே விண்ணப்பிக்கலாம். எனவே பயணச்சீட்டுக்கு முன் மொழி வகுப்பில் சேருங்கள்.