ஐந்து மழைக்காலம் பார்த்த வீட்டுக்கு விருது கொடுங்கள்

போன வாரம் சேலத்தில் ஒரு கட்டடக்கலை விருது விழாவுக்குப் போயிருந்தேன். நம் வட்டாரத்தின் சிறந்த கட்டடங்களைத் தேர்ந்தெடுத்து வருடா வருடம் கொடுக்கிற விருது. நாமக்கல், தருமபுரி, ஈரோடு பக்கத்து ஆர்க்கிடெக்டுகளும் வந்திருந்தார்கள். இப்படி ஒரு விழா நம் ஊரில் நடப்பதே எனக்குச் சந்தோஷம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஆர்க்கிடெக்சர் படிப்பை முடித்து சேலம் ஃபேர்லாண்ட்ஸில் ஒரு சின்ன அறை பிடித்து அலுவலகம் திறந்தபோது, "இதுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருக்கலாமே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. இன்று ஆத்தூரிலும் மேட்டூரிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த கைதட்டலில் என் கையும் இருந்தது.

ஆனால் திரையில் படங்கள் ஓடியபோது மனதில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஒரு கட்டடத்துக்கு ஏழெட்டுப் படங்கள். ஒன்றிலும் ஆள் இல்லை. கொடியில் துணி இல்லை, வாசலில் செருப்பு இல்லை, சுவரில் காலண்டர் இல்லை. எல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் எடுத்தவை. பாதி வீடுகள் ஒரு ஐப்பசி மழையைக்கூடப் பார்த்திருக்காது. ஒரு சித்திரை வெயிலை வாங்கியிருக்காது. அதற்குள் "இந்த மண்ணுக்கேற்ற கட்டடம்" என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், 11 வருடம் முன்னால் நானும் இப்படித்தான் ஒரு விருது வாங்கினேன்.

ஏற்காட்டில் ஒரு வீடு. சரிவான நிலம், கீழே காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள். பார்த்ததுமே எனக்குள் ஒரு படம் விழுந்துவிட்டது: பள்ளத்தாக்கைப் பார்த்து முழுக் கண்ணாடி, மேலே மெல்லிய தட்டைத் தளம், விளிம்பு கத்தி மாதிரி. கட்டிக்கொடுத்த மேஸ்திரி மலைமேலும் ஊருக்குள்ளும் 30 வருடம் வேலை செய்தவர். சுவர் லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னல் தலைக்கு மேல் உத்தரம் வைக்கிற உயரம், வந்த அன்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், இங்க மழை நேரா விழாதுங்க, காத்தோட சேர்ந்து பக்கவாட்டுல அடிக்கும். ரெண்டரை அடியாவது தாழ்வாரம் வெளிய வரணும்ங்க." எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் தாழ்வாரம் வந்தால் அந்தக் கத்தி விளிம்பு போய்விடும். வேண்டாம் என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

விருது வந்தது. சான்றிதழை அலுவலகச் சுவரில் மாட்டினேன். மூன்றாவது மழைக்காலத்தில் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். மூடுபனி வாரக்கணக்கில் நிற்கிற ஊரில் ஒருமுறை ஊறிய சுவர் லேசில் காயாது. பூஞ்சை பிடித்து, பேரக் குழந்தைக்கு இளைப்பு வந்துவிட்டது என்றார். நான் போய்ப் பார்ப்பதற்குள் கண்ணாடிக்கு மேலே தகரம் போட்டு நீட்டியிருந்தார்கள். மேஸ்திரி சொன்ன அதே இரண்டரை அடி. விருது கொடுத்தவர்கள் யாரும் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சான்றிதழை நான் கழற்றி வைத்து ஐந்து வருடம் ஆகிறது.

அந்த மலையிலேயே பாடம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மலையாளி என்கிற பழங்குடி மக்களின் பழைய மண் வீடுகளில் கூரை கீழே இறங்கி வந்து சுவரைப் போர்த்தியிருக்கும், குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். 1820களில் காபியை இங்கே கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் காலத்துக்குப் பிறகு எழுந்த தோட்ட பங்களாக்களிலும் அதே அறிவு வேறு உருவத்தில் இருக்கிறது: தடித்த கருங்கல் சுவர், சரிவான ஓட்டுக் கூரை, சுற்றிலும் வராந்தா. மண்ணில் கட்டியவரும் கல்லில் கட்டியவரும் மழையைப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

சேலம் ஊர் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, கிட்டத்தட்ட 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு வேறு தட்பவெப்பம். கீழே மேற்குச் சுவரில் அடிக்கிற வெயிலைத் தடுக்கத் தெரிய வேண்டும், மேலே ஓதத்தைத் தடுக்கத் தெரிய வேண்டும். ஆனால் இன்று இரண்டு இடத்திலும் ஒரே வீடுதான் எழும்புகிறது. முன்பக்கம் அலுமினியப் பலகை, அதில் ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் கண்ணாடி. "எலிவேஷன் நல்லா வரணும்", அதாவது முகப்பு அழகாக இருக்கணும், என்பதுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் வாக்கியம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எலிவேஷனுக்குத்தான் விருதும் கிடைக்கிறது என்றால் அவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

இப்போது நான் பார்த்த இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீடு. 14 அடி அகலம், 50 அடிக்கும் மேல் நீளம். இரண்டு குழித்தறி. பட்டு நூலுக்கு ஈரப்பதம் வேண்டும். காற்று வறண்டால் பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், அறுந்துகொண்டே இருக்கும். தரைக்குள் குழி வெட்டித் தறி போடுவதன் காரணங்களில் ஒன்று, மண்ணின் குளிர்ச்சி நூலுக்குக் கிடைக்கும் என்பது. வீட்டை இடித்துக் கட்டியபோது மகன் எல்லா இடத்துக்கும் டைல்ஸ் கேட்டிருக்கிறார். கட்டிய மேஸ்திரிதான் (ஆமாம், அதே மேஸ்திரி) தறிக்கூடத்தில் மண் தரையே இருக்கட்டும் என்று நின்றிருக்கிறார். படுக்கிற இடத்துக்கு மட்டும் கான்கிரீட் தளம், தறிக்கு மேலே உயரமாக ஓட்டுக் கூரை, வடக்குப் பார்த்து இரண்டு வரிசை கண்ணாடி ஓடு. நெசவாளர் கை வைக்கிற இடத்தில் நிழல் விழாத வெளிச்சம். தெருப்பக்கம் திண்ணை. பின்பக்கம் நாலடிக்கு நாலடி திறந்தவெளி, அனல் காற்று மேலே போய்விட.

ஒரு சித்திரை மதியம் தெர்மாமீட்டரோடு போனேன். வெளியே 39, தறிக்கூடத்தில் 33. மின்விசிறி ஓடவில்லை, இழை ஆடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். வீடு கட்டி ஒன்பது வருடம். எங்கேயும் விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை. நான் இஞ்ச் டேப் வைத்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்ததை அந்த வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "எங்க வீட்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். இது நல்ல கட்டடம் என்று எங்கள் தொழில் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னதே இல்லை, அதை அன்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வீட்டை எந்த விருதுக்கும் அனுப்ப முடியாது. விண்ணப்பத்தின் முதல் கட்டமே பதிவு எண். 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டத்தைப் பாதுகாக்கிற சட்டத்தை வைத்து விருதுக்கும் வேலி போட வேண்டுமா?

உலகத்தில் யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. 1977இல் தொடங்கிய ஆகா கான் கட்டடக்கலை விருதில், இறுதிப் பட்டியலுக்கு வந்த ஒவ்வொரு கட்டடத்தையும் ஆள் அனுப்பி நேரில் பார்க்கிறார்கள், அங்கே இருப்பவர்களிடம் பேசுகிறார்கள். ஆட்கள் புழங்கத் தொடங்காத கட்டடத்தை எடுத்துக்கொள்வதில்லை. 1980இல் முதல் சுற்றிலேயே எகிப்தின் ஹலாவா வீட்டுக்கு விருது கொடுத்தபோது, ஆர்க்கிடெக்ட் அப்தெல் வாஹித் எல் வக்கீலோடு தலைமைக் கொத்தனார் அலாவுதீன் முஸ்தபாவின் பெயரும் இருந்தது. அமெரிக்க ஆர்க்கிடெக்டுகளின் சங்கம், கட்டி 25 வருடமாவது ஆன கட்டடத்துக்கென்றே தனி விருது வைத்திருக்கிறது. நம் நாட்டு ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி 2018இல் கட்டடக்கலையின் பெரிய உலக விருதான பிரிட்ஸ்கர் வாங்கியதை எல்லோரும் கொண்டாடினோம். அதற்கு இருபது வருடத்துக்கும் முன்பே இந்தோர் ஆரண்யா குடியிருப்புக்கு அவர் ஆகா கான் விருது பெற்றவர். அங்கே பல மனைகளில் அடித்தளமும் கழிப்பறையும் ஓர் அறையும்தான் கட்டிக் கொடுத்தார்கள், மிச்சத்தைக் குடியிருந்த மக்களே வசதி வந்தபோது கட்டிக்கொண்டார்கள். மக்கள் கைவைத்ததால் வடிவமைப்பு கெட்டுவிட்டது என்று அந்த நடுவர்கள் நினைக்கவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு, தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். 1010இல் முடிந்த கோயில். வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற தச்சருக்கு இராசராசப் பெருந்தச்சன் என்று அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தது அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கட்டியவன் பெயரை எழுதி வைக்கிற பழக்கம் ஆயிரம் வருடம் முன்பே இந்த மண்ணில் இருந்தது. நம் சேலம் பக்கத்துத் தாரமங்கலம் கோயிலுக்கும் வாருங்கள். இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். அதைப் பார்க்கச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். கோயிலை எழுப்பிய கெட்டி முதலிகள் பெயரை ஊரே சொல்லும். அந்தப் பார்வைக் கோணத்தைக் கணக்கிட்டு நிறுத்திய சிற்பி பெயரைச் சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"மேஸ்திரிக்கும் விருது கொடுத்தால் நம் தொழிலுக்கு என்ன மதிப்பு?" என்று விழா முடிந்து சாப்பிடும்போது ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம்தான், ஏற்கெனவே பாதிப் பேர் நம்மை வரைபடம் போட்டுக்கொடுப்பவர்களாகத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு நல்ல தாழ்வாரம் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் நின்றிருந்தால் அந்த மலைவீட்டில் ஓதம் வந்திருக்காது. எனக்கு மதிப்புக் குறைந்தது அங்கேதான். அப்புறம், நடுவர்கள் நேரில் போக செலவாகும் என்றார்கள். ஒரு வேன், இரண்டு நாள். மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறைத்தால் அந்தப் பணம் வந்துவிடும்.

அடுத்த வருடத் தேர்வுக் குழுவில் என்னை உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வருகிறேன், ஆனால் மூன்று விஷயம் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கட்டி ஐந்து மழைக்காலம் ஆன கட்டடங்களுக்கு ஒரு தனிப் பிரிவு. அதில் பதிவு எண் கட்டாயமில்லை, யார் கட்டியதையும் யாரும் பரிந்துரைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடுவர்கள் போய்ப் பார்த்து, அந்த வீட்டில் சமைக்கிறவரிடமும் தறி ஓட்டுகிறவரிடமும் பேச வேண்டும். எல்லாப் பிரிவுகளிலும் மேஸ்திரி, ஆசாரி, கம்பி கட்டுபவர், சித்தாள் பெயர்கள் சான்றிதழிலேயே அச்சாக வேண்டும். பதில் இன்னும் வரவில்லை.

அம்மாபேட்டை வீட்டின் பிளானை நானே வரைந்து வைத்திருக்கிறேன். நேற்று சைட்டுக்குப் போய் மேஸ்திரியிடம் காட்டினேன். கரணையைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி ஓடு இரண்டாவது வரிசையை நான் ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டேனாம், விரலை வைத்துத் திருத்தினார். உங்கள் பெயரை முகநூலில் போடட்டுமா என்று கேட்டேன். "மொதல்ல அவங்க பேப்பர்ல வரட்டும் மேடம்" என்றார். அதனால் இங்கே எழுதவில்லை. இனிஷியலோடு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.