ஆர்லெக்கீனோவைப் புத்திசாலி ஆக்காதீர்கள்

கொம்மேதியா தெல்லார்த்தே என்னும் இத்தாலிய முகமூடி நாடகத்தை மேடையேற்ற நினைக்கும் குழுக்கள் முதலில் கைவைப்பது ஆர்லெக்கீனோ என்னும் வேலைக்காரன் பாத்திரத்தில்தான். பல வண்ண உடை, கறுப்பு முகமூடி, இடுப்பில் மரமட்டை. துறுதுறுவென்று இருக்கும் ஒரு நடிகரைப் பிடித்து "நீ பெரிய தந்திரக்காரன், எஜமானை ஏமாற்று" என்று சொல்லிவிட்டால் போதும் என நினைக்கிறார்கள். பத்தாவது நிமிஷம் சிரிப்பு வற்றிவிடுகிறது. பழியை நடிகர் மேல் போடாதீர்கள். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவன் தலையில் கட்டியதால் வந்த வினை அது.

இந்த மரபில் வேலைக்காரர்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள். இருவருக்கும் பொதுப்பெயர் ட்ஸான்னி. பெர்கமோ மலைப்பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வெனிஸுக்கு வந்து, மூட்டை தூக்கி வயிறு கழுவிய கூலிக்காரர்களின் சாயலில் பிறந்தவர்கள். முதல் ட்ஸான்னி விவரமானவன். பிரிகெல்லா அந்த ரகம். கடிதத்தைக் கைமாற்றுவது, கிழட்டு வியாபாரி பன்டலோனேயை வீட்டைவிட்டுக் கிளப்புவது, காதலர்களைச் சந்திக்க வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டாம் ட்ஸான்னி வெகுளி. ஆர்லெக்கீனோ அந்த வழியில் வந்தவன். முதலாமவன் போட்ட திட்டத்தைத் தன்னை அறியாமலே குலைத்துவைப்பான். 1699-இல் நேப்பிள்ஸில் வெளியான நடிப்புக்கலை நூலில் ஆந்திரேயா பெர்ருச்சி இந்தப் பிரிவினையை எழுதியே வைத்திருக்கிறார். இருவருமே கெட்டிக்காரர்கள் என்றால் திட்டம் பலித்துவிடும். திட்டம் பலித்தால் நாடகம் அங்கேயே முடிந்தது.

ஆர்லெக்கீனோ செய்வதும் தந்திரம்தானே என்று கேட்கலாம். தந்திரம்தான். ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு, அந்த நொடியில் வாயில் வருகிற தந்திரம். அதற்குப் பின்னால் இருப்பது பசி. கார்லோ கோல்தோனி 1745-இல் நடிகர் அந்தோனியோ சாக்கிக்காக எழுதிய 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' நாடகத்தைப் பாருங்கள். அதில் ஆர்லெக்கீனோவின் இன்னொரு வடிவமான த்ருஃபல்தீனோ இரண்டாவது எஜமானிடமும் வேலைக்குச் சேருவது ஊரை ஏய்க்கவா? இரட்டைச் சம்பளம், இரட்டைச் சாப்பாடு, அவ்வளவுதான் அவன் கணக்கு.

அந்த நாடகத்தில் ஒரு கடிதக் காட்சி இருக்கிறது. ஒரு எஜமானுக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் பிரித்துவிட்டார். அதை ஒட்டித் திருப்பித் தர வேண்டும். பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ரொட்டித் துண்டை மென்று பசையாக்கப் பார்க்கிறான். வாய்க்குள் போன ரொட்டி தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி மெல்கிறான், மறுபடி இறங்கிவிடுகிறது. இதைக் கோமாளித்தனமாக நடித்தால் பாழ். நடிகர் விழுங்காமல் இருக்க உண்மையாகவே போராட வேண்டும். கழுத்தும் தோளும் அந்தப் போராட்டத்தைக் காட்ட வேண்டும். இன்னொரு இடத்தில், சாப்பாட்டு மேஜையில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று பிரிகெல்லாவுக்குக் காட்டுகிற மும்முரத்தில், எஜமான் பத்திரமாக வைக்கச் சொன்ன, காட்டினால் பணம் கிடைக்கும் உண்டியல் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தரையில் பரப்புகிறான். தந்திரசாலி செய்கிற காரியமா இது? சாப்பாடு என்றதும் அவனுக்குப் பணம் வெறும் காகிதமாகிவிடுகிறது. அந்தக் காட்சியின் மேதைமையே அதுதான்.

இப்படிப்பட்ட தனித்த சேட்டைக்கு லாட்ஸோ என்று பெயர். மிகப் பழகிய ஒன்று ஈ பிடிக்கும் லாட்ஸோ. பசியில் துவண்டவன் ஈயைப் பார்க்கிறான், பிடிக்கிறான், இறக்கையைப் பிய்க்கிறான், தின்கிறான். ஈ கற்பனைதான், ஆனால் செய்முறையில் வரிசை மாறக்கூடாது. முதலில் சத்தம் கேட்க வேண்டும், அப்புறம் முகமூடியின் மூக்கு ஈயைத் தொடர வேண்டும், உடம்பு அதன்பின் திரும்ப வேண்டும், கை கடைசி. கை முந்திக்கொண்டால் ஈ செத்துப்போகும். பார்வையாளர் கண்ணுக்கு அப்புறம் நடிகரின் விரல்கள்தான் தெரியும். ஈ உட்கார்ந்த இடத்தையும் மாற்றக்கூடாது. மேஜை விளிம்பில் வைத்த ஈயை அடுத்த கணம் ஒரு சாண் தள்ளித் தேடினால் நம்பிக்கை போச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே முகமூடியைப் பார்வையாளர் பக்கம் ஒருமுறை திருப்பி, 'பார்த்தீர்களா' என்று கேட்காமல் கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முட்டி மடங்கி, எடை தாழ்ந்து, முதுகு வளைந்து நிற்பதுதான் ட்ஸான்னியின் அடிப்படை நிலை. சோர்ந்துபோய் முட்டியை நிமிர்த்திய மறுகணமே மூட்டை தூக்கியவன் மறைந்து, பட்டுச்சட்டைப் பிரபு நிற்பார். தொடை வலி தாங்கும் பயிற்சி இல்லாமல் இந்தப் பாத்திரத்தைத் தொட வேண்டாம்.

முகமூடி அரை முகத்துக்குத்தான். வாயும் தாடையும் வெளியே. கண்துளைகள் சிறியவை என்பதால் கண்ணை உருட்டிப் பயனில்லை, தலையே திரும்ப வேண்டும். மிலானின் பிக்கோலோ தியேட்டரில் ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் 1947-இல் கோல்தோனியின் அந்த நாடகத்தை எடுத்தபோது, ஆர்லெக்கீனோவாக நடித்த மார்செல்லோ மொரேத்தி ஆரம்பத்தில் முகத்தில் கறுப்புச் சாயம் தீட்டிக்கொண்டே நடித்தார். பிறகு பதுவாவின் சிற்பி அம்லேத்தோ சார்த்தோரி, ஏறக்குறைய மறைந்தே போயிருந்த தோல் முகமூடிக் கலையை மீட்டெடுத்துக் கொடுத்தார். முகத்தை முதலில் மரத்தில் செதுக்கி, நனைத்த தோலை அதன்மேல் இழுத்து ஆணியடித்து, கொம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருக்கங்களைப் பதிப்பார்கள். காய்ந்தபின் கண்ணும் ஓரமும் வெட்டுவார்கள். செலவு மிச்சம் என்று காகிதக் கூழில் செய்தால் வியர்வையில் ஊறித் தொய்யும். பிளாஸ்டிக்கில் செய்தால் மூச்சு முட்டும், குரல் உள்ளேயே மோதும். நல்ல தோல் நாளாக ஆக நடிகரின் முகத்தோடு படிந்துவிடும்.

குழு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்திகையை ஆர்லெக்கீனோவிடமிருந்து தொடங்காதீர்கள். முதல் வாரம் பிரிகெல்லாவும் பன்டலோனேயும் மட்டும் நடிக்கட்டும். கடிதம் யாரிடமிருந்து யாருக்கு, பணம் யார் கையில் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பதியட்டும். அதன்பின் அந்தக் கடிதத்தை ஆர்லெக்கீனோ கையில் கொடுங்கள், காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு.