6,831 செல்களில் ஒன்று

டெஸ்லாவின் முதல் மின்சாரக் காரான ரோட்ஸ்டரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது இரண்டு இடங்களில்தான் போய் நிற்கிறது. ஒன்று, எத்தனை விநாடியில் என்ன வேகத்தைத் தொடும் என்பது. மற்றொன்று, 2018 பிப்ரவரியில் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய அந்தச் சிவப்புக் கார் இப்போது எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது. விண்வெளியில் இருப்பதற்குப் பராமரிப்புத் தேவையில்லை. தரையில் மிச்சமிருப்பவை இன்னும் ஓடுகின்றன என்றால், யாரோ ஒருவர் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, அதன் வயிற்றைத் திறந்து பார்க்கிறார் என்று பொருள். அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதாகக் காணோம். எனக்கு அந்தக் குறை நெடுநாளாக உண்டு.

அந்தக் காரை நான் ஓட்டியதில்லை. வாங்கும் வசதியும் இல்லை. ஆனால் பழுதுபார்க்கும் வேலையை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல், யாரோ ஒரு மெக்கானிக் சர்க்யூட் பலகையைத் துடைப்பதைக் காணொளியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 2,450 ரோட்ஸ்டர்கள்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் ஹெதல் என்ற ஊரிலுள்ள லோட்டஸ் ஆலையில் உடல் தயாராகி, கலிபோர்னியாவில் பேட்டரியும் மோட்டாரும் ஏறின. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. எந்த லோட்டஸ் எலீஸ் காரை அடிப்படையாக வைத்து உடலைச் செய்தார்களோ, அதன் உற்பத்தியும் 2021-இல் நின்றுவிட்டது. ஆக, ஒரு பாகம் உடைந்தால் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இருப்பதைச் சரிசெய், முடியாவிட்டால் நீயே செய்.

இந்தக் காரின் பேட்டரியைத் திறப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் என் வியப்பு புரியும். இருக்கைகளுக்குப் பின்னால் சுமார் 450 கிலோ எடையில் ஒரு பெட்டி. உள்ளே 6,831 லித்தியம் அயனி செல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பழைய மடிக்கணினிகளின் பேட்டரியில் இருந்த அதே வகை. 69 செல்கள் இணையாகச் சேர்ந்தால் ஒரு பிரிக். 9 பிரிக்குகள் தொடராகச் சேர்ந்தால் ஒரு ஷீட். 11 ஷீட்டுகள் சேர்ந்தால் முழுப் பெட்டி, சுமார் 375 வோல்ட். காரின் மற்ற எதையும் அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். பேட்டரியை அணைக்க முடியாது. ஷீட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் முப்பத்துச் சொச்சம் வோல்ட்தான், ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் பிரித்து முடிக்கும்வரை அந்த மனிதரின் கை உயிருள்ள மின்சாரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதில் ஒரே ஒரு செல் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரேயடியாகச் செத்துவிட்டால் பெரிய தொல்லை இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் தலைமுடி போன்ற ஃபியூஸ் கம்பி உண்டு. ஆபத்து வந்தால் அது எரிந்து அந்தச் செல்லை ஒதுக்கிவிடும். வம்பெல்லாம் அரைகுறையாகக் கெட்ட செல்லால்தான். ஃபியூஸ் எரியும் அளவுக்கு அது மின்சாரத்தை இழுப்பதில்லை. ராத்திரியெல்லாம் பக்கத்திலிருக்கும் 68 செல்களிடமிருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த பிரிக் இளைத்துப்போகும். எல்லா பிரிக்குகளும் தொடரில் இருப்பதால், அது ஒன்று காலியானாலே மற்ற 98-இல் மின்சாரம் மிச்சமிருந்தும் கார் நகராது.

எந்த பிரிக் என்று கண்டுபிடிப்பது எளிது, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் சொல்லிவிடும். அந்த 69-இல் எது என்பதுதான் கேள்வி. இணையாகக் கட்டியவை அல்லவா? மீட்டரை எதன்மேல் வைத்தாலும் ஒரே எண்தான் காட்டும். கூட்டத்தோடு கூட்டமாகத் திருடன் நிற்கிறான், எல்லாருக்கும் ஒரே சட்டை. அவனைப் பிடிக்க வேறு தடயம் வேண்டும். வெப்பக் கேமராவில் மற்றதைவிடக் கொஞ்சம் சூடாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். அல்லது அந்த நூல் போன்ற ஃபியூஸ் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே ஏதாவது மின்னழுத்தம் விழுகிறதா என்று மைக்ரோவோல்ட் கணக்கில் அளக்கலாம். நல்ல செல்லின் கம்பியில் மின்சாரம் பேருக்குத்தான் ஓடும். திருடனின் கம்பியில் அதைவிடப் பல மடங்கு ஓடும். கண்டுபிடித்த பிறகு செய்யும் வேலை ஒரு நொடி. கம்பியை வெட்டிவிடுவது. அவ்வளவுதான். 69-இல் ஒன்று போனால் காரோட்டிக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஒரு நொடிக்கா இவ்வளவு கட்டணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டவன்தான். ஒருமுறை என் சாதாரண பெட்ரோல் காரில் அரைநாள் தேடி ஒரு துருப்பிடித்த இணைப்பைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக்கிடம், "புதுசாக ஒன்றும் போடவில்லையே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தேவையில்லாத ஒரு புதுப் பாகத்தைப் போட்டிருந்தால் முணுமுணுக்காமல் காசை எடுத்து நீட்டியிருப்பேன்.

'முழுதாக மாற்றிவிடுங்கள்' என்பது ஒரு பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல விலைப்பட்டியல் போதும், மெக்கானிக் வேண்டாம். வாரக்கணக்கில் சார்ஜ் போடாமல் நிறுத்திவைத்து பேட்டரி அடியோடு வடிந்து செத்துப்போன ரோட்ஸ்டர்களைப் பற்றி 2012-இல் பெரிய சர்ச்சையே கிளம்பியது. பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று துணிந்தவர்கள் அதன் பிறகு மெல்ல மெல்லத் தலையெடுத்தார்கள். நிறுவனம் முதல் ரோட்ஸ்டரின் வடிவமைப்பு ஆவணங்களைப் பொதுவில் வெளியிட்டது 2023 நவம்பரில்தான். அதுவரை பல விஷயங்களை இவர்கள் பிரித்துப் பார்த்தும், ஒருவரையொருவர் கேட்டும், சில சமயம் கையைச் சுட்டுக்கொண்டும்தான் கற்றார்கள்.

எல்லாமே இப்படி நுட்பமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி ஒன்று பின்பக்கம் இருக்கிறது. காற்றால் குளிர்வது. விசிறி காற்றோடு சாலைப் புழுதியையும் சருகையும் சேர்த்தே இழுக்கும். சில வருடம் போனால் குளிரூட்டும் தகடுகளுக்கு நடுவே கம்பளி நெய்ததுபோல் அடைத்துக்கொள்ளும். கார் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மருந்து? கழற்றி, தூரிகையால் தட்டி, ஊதிச் சுத்தம் செய்வது. இத்தனை மென்பொருளும் மின்னணுவும் கொண்ட காருக்கு ஒட்டடை அடிப்பது!

ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 என்ற மின்சாரக் காரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1,117 செய்தார்கள். விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். பிறகு திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்குப் போனவற்றிலும் பெரும்பாலானவற்றை ஓட முடியாதபடி செய்துதான் அனுப்பினார்கள். அந்தக் காருக்கு ஒரு மெக்கானிக் பரம்பரை உருவாகியிருக்க வேண்டும். உருவாக விடவில்லை. ரோட்ஸ்டர் தப்பித்தது, வாங்கியவர்கள் கையிலேயே தங்கியதால்.

பழைய மெக்கானிக்குகளுக்குக் காதுதான் கருவி. எஞ்சின் உறுமலைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார்கள். சத்தமில்லாத காரில் அந்தக் காதுக்கு என்ன வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு காணொளியில் பதில் கிடைத்தது. பல நாள் பிரித்துக் கிடந்த பெட்டியை மூடி, காருக்குள் இறக்கி, எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, நரைத்த தாடி வைத்த ஒருவர் சாவியைத் திருப்பினார். திருப்புவதற்கு முன்னால் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினார். பேட்டரிக்குள்ளிருந்து காண்டாக்டர், அதாவது மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச், மூடும் சத்தம் வந்தது. டக். ஒரே ஒரு டக். அவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.