பைபாஸுக்குப் பணம் ஒதுக்கும்போது பழைய சாலைக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்

ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் நடுவே நெடுஞ்சாலை போகிறது என்றால், ஊரை நேரில் பார்க்காமலேயே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு பாலம் இருக்கும். பாலம் இறங்குகிற இடத்தில் கடைத்தெரு. கடைத்தெரு முடிகிற இடத்தில் குறுகலான ஒரு திருப்பம். ஆற்றைக் கடக்க வசதியான துறை என்பதால்தான் ஊரே அங்கே உருவானது, சாலையும் அந்தத் துறையைத் தேடித்தான் வந்தது. குதிரையும் கட்டைவண்டியும் போன அகலத்தில் இன்று 40 டன் லாரி திரும்புகிறது. பள்ளி விடும் நேரத்தில், சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கும் லாரிச் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இருப்பதில்லை.

அதனால் பைபாஸ் வேண்டும் என்று ஓர் ஊர் கேட்கும்போது நான் அந்த ஊரின் பக்கம்தான். ஆனால் பைபாஸ் என்று நாம் கேட்பது உண்மையில் இரண்டு வேலைகளை. ஊருக்கு வெளியே ஒரு புதுச்சாலை போடுவது ஒன்று. ஊருக்குள் இருக்கும் பழைய சாலையை மறுபடி ஊர்க்காரர்களின் தெருவாக மாற்றுவது இன்னொன்று. திட்டம் போடும்போதும் பணம் ஒதுக்கும்போதும் முதல் வேலை மட்டுமே காகிதத்தில் ஏறுகிறது. இரண்டாவது "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே மதிப்பீட்டில், ஒரே ஒப்புதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் லாரிகள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சோதனைக்காகவே தனிச் சாலைகள் போட்டு அவற்றின் மேல் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மீது ஏறும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு ஆகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கணக்கு. ஆயிரக்கணக்கான கார்கள் செய்யாத சேதத்தைச் சில கனரக லாரிகள் செய்துவிடும். அவற்றை மட்டும் வெளியே அனுப்பினாலே பழைய தெருவும் பழைய பாலமும் மூச்சு விடும். பைபாஸ் தரக்கூடிய மிக நிச்சயமான நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

கார்கள் விஷயம் அவ்வளவு நிச்சயமில்லை. பாலத்தில் நின்று வண்டிகளை எண்ணினால் மொத்தம் எத்தனை என்று தெரியும். அதில் எத்தனை வண்டிகள் ஊரில் நிற்காமல் தாண்டிப் போகின்றன என்பது தெரியாது. ஊரின் இரு முனையிலும் நம்பர் பிளேட்டைக் குறித்து ஒப்பிட வேண்டும், அல்லது வண்டியை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் அறுவடைக் காலத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 100 வண்டிகளில் 70 வண்டிகள் ஊருக்கே வருகிறவை என்றால், எவ்வளவு அழகான பைபாஸ் போட்டாலும் அது இழுக்கக்கூடியது மீதி 30தான்.

ஆற்றோர ஊருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரின் ஒரு பாதி இந்தக் கரையில், மறுபாதி அந்தக் கரையில். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகிற உள்ளூர்க்காரர்களும் அதே பாலத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தேவை இரண்டாவது பாலம். அது ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வந்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. சரி, ஊரை ஒட்டியே போடலாமா என்றால், பத்துப் பதினைந்து வருடத்தில் ஊர் அதைத் தாண்டி வளர்ந்துவிடும். இருபுறமும் கடை, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் எல்லாம் வந்து, பைபாஸே இரண்டாவது கடைத்தெரு ஆகிவிடும். எவ்வளவு தூரத்தில் போடுவது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரே விடை கிடையாது. ஆனால் எங்கே போட்டாலும், எந்த எந்த இடத்தில் மட்டும் வண்டி ஏறி இறங்கலாம் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து, மற்ற இடங்களை மூடி, சர்வீஸ் ரோட்டுக்கான நிலத்தையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுக்கப் போனால் அங்கே கட்டடம் நிற்கும்.

அப்புறம் ஆறு. சாலையை வரைபடத்தில் கோடாகப் பார்க்கிறவர்கள் ஆற்றையும் ஒரு கோடாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆறு என்பது வெள்ளம் வரும்போது விரிந்து படுக்கிற மொத்த நிலமும்தான். நல்ல பொறியாளர்கள் முதலில் பாலத்துக்கான இடத்தைத் தேடுவார்கள்: ஆறு வளைவில்லாமல் நேராக ஓடும் பகுதி, கரை உறுதியான இடம், ஆற்றைச் சாய்வாக வெட்டாமல் செங்குத்தாகக் கடக்கக்கூடிய கோணம். அது கிடைத்த பிறகு சாலையை அதில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஓரிரு கிலோமீட்டரை மிச்சப்படுத்த ஆற்றின் வளைவில் பாலத்தை வைத்தால், ஆறு கரையை அரித்து நகரும்போது அந்த மிச்சம் கரைந்துவிடும்.

பணம் போதாதபோது நடக்கிற ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. வெள்ளம் பரவும் நிலத்தின் குறுக்கே தூண்களின் மேல் சாலையைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, மண்ணைக் கொட்டி உயரமான கரை எழுப்பி, நடுவில் நீர் போக நாலைந்து கல்வெர்ட்டுகளை, அதாவது சாலைக்கு அடியில் செல்லும் சிறு நீர்வழிகளை, மட்டும் வைப்பார்கள். செலவு பெருமளவு குறையும். ஆனால் அந்தக் கரை பெருவெள்ளத்தில் அணையாக மாறும். ஆறு வருகிற பக்கத்தில் நீர் மட்டம் உயரும். ஊர் அந்தப் பக்கத்தில் இருந்தால் பாதிப்பு ஊருக்குத்தான். பரந்து போக வேண்டிய நீர் முழுவதும் பாலத்தின் குறுகிய வாய் வழியாக வேகமாகப் பாய்ந்து தூண்களின் அடியைத் தோண்டும். 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலம் இப்படி அடியரிப்பால்தான் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

"நூறு வருட வெள்ளத்துக்கு வடிவமைத்திருக்கிறோம்" என்று சொன்னால் நூறு வருடம் கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், எந்த வருடத்திலும் அந்த அளவு வெள்ளம் வர 100இல் 1 வாய்ப்பு என்பதே. 30 வருடக் கடனில் கட்டிய பாலம் என்றால், கடன் அடைவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம்.

ஆஸ்திரேலியாவின் கண்டகை என்ற சின்ன ஊரை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மரம்பிட்ஜி ஆற்றின் கரையில், வெள்ளம் பாயும் தாழ்ந்த நிலத்தில்தான் முதலில் அந்த ஊரைக் கட்டினார்கள். 1852இல் வந்த வெள்ளம் ஊரையே அடித்துக்கொண்டு போனது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான விராஜுரி மக்களில் யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இருவர் மரப்பட்டைப் படகில் போய்ப் பலரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு அந்த ஆற்றின் குணம் தெரிந்திருந்தது. அதன்பின் ஊர் மேட்டுக்கு நகர்ந்தது. 1977இல் சிட்னியையும் மெல்பர்னையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலையை ஊருக்கு வெளியே எடுத்துப் போனபோது, வெள்ள நிலத்தின் மேல் 1.1 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஷீஹன் பாலத்தைக் கட்டினார்கள். அந்த ஊருக்கு அவ்வளவு நீளமா என்று கேட்பவர்கள் ஆற்றின் அகலத்தை வெயில் காலத்தில் அளந்தவர்களாக இருப்பார்கள்.

இனி செலவு. பெண்ட் ஃப்ளிவ்பியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவர் குழுவும் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 10இல் 9 திட்டங்கள் மதிப்பிட்டதைவிட அதிகம் செலவு வைத்திருந்தன. சாலைகளில் சராசரியாக 20 சதவீதம் கூடுதல், பாலங்களிலும் சுரங்கங்களிலும் 34 சதவீதம். ஆற்றோர ஊரின் பைபாஸ் என்பது சாலையும் பாலமும் சேர்ந்தது. இது தெரிந்த பிறகும் மதிப்பீட்டில் அந்த இடைவெளிக்குப் பணம் ஒதுக்காமல் திட்டத்தைத் தொடங்கினால், பாதி வழியில் எதையாவது வெட்டத்தான் வேண்டியிருக்கும். வெட்டப்படுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாதவை: வெள்ளநீர் வெளியேற விடும் வழிகளின் எண்ணிக்கை, சர்வீஸ் ரோடு, பாலத்தின் நடைபாதை. பழைய தெருவுக்கான வேலை என்று ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் முதலில் போகும். அதனால்தான் அதைத் தனிப் பக்கத்தில், வேறு எதற்கும் மாற்ற முடியாத ஒதுக்கீடாக எழுதச் சொல்கிறேன்.

யார் பணம் தருவது? ஊராட்சியோ நகராட்சியோ தாங்கக்கூடிய தொகை இல்லை. மேலே இருக்கிற அரசுதான் தர வேண்டும், நேரடியாகவோ வேறு வடிவத்திலோ. 1990களில் பிரிட்டனில் தனியார் சாலை போட, ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு அவர்களுக்குப் பணம் கட்டும் முறையை வைத்தார்கள். ஓட்டுநர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் 2016இல் வந்த கலப்பு முறையில், கட்டும்போதே அரசு 40 சதவீதம் கொடுத்துவிட்டு மீதியை வருடக்கணக்கில் தவணையாகத் தருகிறது. எந்த முறையாக இருந்தாலும் கடைசியில் பொதுமக்கள் பணம்தான். தவணை என்று வந்தால் செலவு சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவே.

சுங்கம் வசூலித்துக் கட்டுவது மட்டும் சின்ன ஊர் பைபாஸுக்கு ஒத்துவராது என்று உறுதியாக நினைக்கிறேன். சுங்கம் கட்ட விரும்பாத லாரிக்கு இலவச மாற்றுவழி எது? நாம் காப்பாற்ற நினைத்த அதே கடைத்தெரு. பிரிட்டனில் பர்மிங்காமைச் சுற்றி 2003இல் திறந்த எம்6 சுங்கச் சாலையில் எதிர்பார்த்த அளவுக்கு வண்டிகள் வரவில்லை. லாரிகளில் பெரும்பாலானவை நெரிசலான பழைய சாலையிலேயே தொடர்ந்தன. வேறு வழியே இல்லாமல் சுங்கம் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பைபாஸ் திறக்கும் அதே நாளில் பழைய பாலத்தில் எடை வரம்பு அமலுக்கு வர வேண்டும். ஒரு வாரம் தள்ளினாலும் லாரிகள் பழகிய வழியை விடாது.

இன்னொரு பணம் கண்முன்னே இருக்கிறது. பைபாஸ் எங்கே வருகிறது என்று தெரிந்த நாளிலேயே சந்திப்புகளைச் சுற்றி நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது பொதுப்பணம். போவதோ சில தனியார் கைகளுக்கு. கொலம்பியாவில் 1921 முதலே, பொதுப்பணியால் மதிப்பு கூடிய நிலத்தின் உரிமையாளர்களிடம் ஒரு பங்களிப்பை வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. மெடயின், பொகோட்டா போன்ற நகரங்களில் பல சாலைகள் அந்தப் பணத்தில் போடப்பட்டன. அப்படி வருகிற பணத்தைப் பழைய தெருவுக்கு எழுதி வைத்தால் எவ்வளவு நியாயமாக இருக்கும்!

கடைக்காரர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் போக்குவரத்துத் துறை 1998இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் வந்த பெரும்பாலான ஊர்களின் மொத்தப் பொருளாதாரம் பெரிதாக அடிவாங்கவில்லை. ஆனால் 2,000 பேருக்கும் குறைவான ஊர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. வழிப்போக்கரை மட்டும் நம்பியிருக்கும் உணவகத்துக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் நிச்சயம் இழப்பு உண்டு. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு தருகிற திட்டம், வாடிக்கையாளரை இழக்கிறவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவருக்கு உதவ இருக்கிற நடைமுறை வழி, ஆட்கள் நின்று நடந்து வாங்குகிற தெருவாக அந்தத் தெருவை மாற்றிக் கொடுப்பதுதான்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூபெரி இருக்கிறது. கென்னட் ஆற்றின் மேல் உள்ள ஊர். பைபாஸுக்காக ஏறத்தாழ 10,000 மரங்கள் வெட்டப்பட்டன, பெரும் போராட்டம் நடந்தது, 1998இல் சாலை திறந்தது. 2006இல் வந்த ஓர் ஆய்வு, ஊருக்குள் நெரிசல் நேரப் போக்குவரத்து பழைய அளவை நெருங்கிவிட்டது என்று சொன்னது. காலியான இடத்தை உள்ளூர்க் கார்கள் நிரப்பிவிடும். சாலை கூடினால் வண்டியும் கூடும் என்பதை 1994இலேயே பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று அறிக்கையாகக் கொடுத்திருந்தது. திறப்பு விழாவுக்கு அடுத்த மாதமே நடைபாதையை அகலப்படுத்தி, வண்டி ஓடும் அகலத்தைக் குறைத்திருந்தால்தான் கிடைத்த இடம் ஊர்க்காரர்களிடம் தங்கும்.

அதே பிரிட்டனில், 1990களின் முதல் பாதியில், பைபாஸ் வந்த 6 ஊர்களைத் தேர்ந்தெடுத்து பழைய முக்கியத் தெருக்களைச் சீரமைத்துக் காட்டும் ஒரு திட்டத்தை அரசே நடத்தியது. கேமல் ஆற்றங்கரையில் இருக்கும் வேட்பிரிட்ஜ் அதில் ஒன்று. அங்கே பழைய நெடுஞ்சாலையாக இருந்த கடைத்தெரு நடப்பவர்களுக்கான தெருவாக மாறியது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஸ்டில்வாட்டர். செயின்ட் குரோய் ஆற்றின் கரையில் ஒரு சின்ன ஊர். 1931இல் கட்டிய தூக்குப்பாலம் நேராகக் கடைத்தெருவில் இறங்கும். படகுக்காகப் பாலம் தூக்கும்போதெல்லாம் தெரு முழுக்க வண்டிகள் நிற்கும். அந்த ஆறு பாதுகாக்கப்பட்ட ஆறுகளின் பட்டியலில் இருந்ததால் புதுப் பாலத் திட்டம் வழக்கில் சிக்கிப் பல வருடம் நின்றது. 2012இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. 2017 ஆகஸ்டில் புதிய பாலம் திறந்தது. மொத்தச் செலவு 60 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு பெரிய பணத்துக்கும் நீண்ட சண்டைக்கும் நடுவே ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பழைய பாலத்தைச் சீரமைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று மாற்றி, இரண்டு பாலங்களையும் ஆற்றின் இரு கரையிலும் ஒரு நடைப்பாதையால் இணைக்கும் வேலையையும் அதே திட்டத்துக்குள் எழுதி வைத்தார்கள். 2020இல் பழைய பாலம் மக்களுக்குத் திறந்தது. முன்பு லாரிகள் வரிசையாக நின்ற அதே பாலத்தை இப்போது குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்து கடக்கிறார்கள்.