கப்பலில் எழுதிய பாட்டு அல்ல

அண்ணே, மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் பாடிய 'அமேசிங் கிரேஸ்' என்ற கிறிஸ்தவப் பாட்டைப் பற்றிய பதிவில், அதை எழுதிய ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் கடல் புயலில் மனம் திரும்பி அன்றே அடிமை வியாபாரத்தை விட்டார், கப்பலிலேயே பாட்டை எழுதினார் என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை.

புயல் 1748இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்கே கேப்டன் ஆனார். 1754இல் கடலை விட்டதும் உடம்புக்கு முடியாமல் போனதால்தான். பாட்டை எழுதியது 1772 கடைசியில், இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் போதகராக இருந்தபோது, புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக. நாம் பாடும் மெட்டு அமெரிக்காவில் 1835இல் சேர்ந்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788இல். புயலுக்கு 40 வருஷம் கழித்து!

ஒரே ராத்திரியில் எல்லாம் மாறிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னால், மன்னிப்புப் பெற்றவனுக்கு அப்புறம் செய்ய ஒன்றுமில்லை என்றாகிவிடும். விற்கப்பட்ட மனிதர்களும் கதையிலிருந்து காணாமல் போவார்கள். தோட்ட வேலைக்குக் கங்காணி ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். விற்கப்பட்ட அந்த மனிதர்களை விட்டுவிட்டு இந்தப் பாட்டைப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு பள்ளிக்குப் பதிவை அச்செடுப்பதற்கு முன் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.